கடைசிப் பொத்தானில் ஒரு கழுதை

சட்டையின் கடைசிப் பொத்தானை யாரும் பார்ப்பதில்லை. காலையில் அவசரமாகப் போட்டுக் கால்சட்டைக்குள் திணித்துவிட்டால் சாயங்காலம் வரைக்கும் அதற்கு இருட்டறைதான். கழற்றும்போதும் கை பார்த்துக்கொள்ளும், கண்ணுக்கு வேலையில்லை. கட்டிய மனைவிகூட அதைக் கவனித்திருக்க மாட்டாள். இந்த உண்மையை உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவள் பட்டனக்காதான். கண்டுபிடித்ததோடு சும்மா இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை.

பட்டனக்காவுக்கு வயது நாற்பத்தாறு. சலவைக்கடையில் ஜன்னலோரத்துப் பிரம்பு நாற்காலி அவளுடையது. கிழிந்ததைத் தைப்பாள், விழுந்த பொத்தானை வைப்பாள், வந்த துணி யாருடையது என்று குறி போடுவாள். பதினோரு வருஷமாக அவள் ஒருத்தியே உட்கார்ந்து உட்கார்ந்து, நாற்காலி அவள் உருவத்துக்கே குழிந்துபோயிருந்தது. வேறு யார் உட்கார்ந்தாலும் இடுப்பைக் கவ்விக்கொள்ளும். முதலாளி ஒருமுறை தெரியாத்தனமாக உட்கார்ந்துவிட்டார். அவரை வெளியே எடுக்க இரண்டு ஆளும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் வேண்டியிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்புவரை குறி என்றால் மைதான். காலரின் உட்புறத்தில் ஒரு நம்பர் எழுதுவார்கள். ஒரு மழைக்காலத்தில் வந்த மைப்புட்டி குணம் கெட்டதாக இருந்தது. வக்கீல் ஒருவருடைய கழுத்தில் முப்பத்தேழு என்று பச்சையாக அச்சாகி, எத்தனை தேய்த்தும் போகவில்லை. எதிர்க்கட்சி வக்கீல் கோர்ட்டிலேயே "மதிப்புக்குரிய முப்பத்தேழு அவர்கள் சொல்வது என்னவென்றால்" என்று ஆரம்பித்துவிட்டாராம். முதலாளி அன்றைக்கே மைப்புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

"இனிமே குறி வெளிய தெரியக் கூடாது. எப்படியோ பண்ணிக்கோ. எனக்குக் காலர் சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான்."

எப்படியோ பண்ணிக்கொள் என்று பட்டனக்காவிடம் சொல்வதும், பூனையிடம் பால் சட்டியைக் கொடுத்துக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்று சொல்வதும் ஒன்றுதான். ஏனென்றால் அவளிடம் அழகழகான பொத்தான்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன, வைப்பதற்கு இடம்தான் இல்லாமல் இருந்தது.

அந்தப் பொத்தான்களெல்லாம் செவ்வாய்க்கிழமைகளில் வந்தவை. செவ்வாய் கடைக்கு விடுமுறை. பட்டனக்காவின் புருஷன் கப்பலில் சமையல்காரன், வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பான். அதனால் இரண்டு அறை வீட்டில் அவளும் அவள் நாத்தனாரும்தான். நாத்தனார் தியேட்டர் வாசலில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவள். கை பழகிவிட்டது, சீட்டு என்று எது கையில் வந்தாலும் இரண்டாகக் கிழித்துவிடுவாள். மருந்துச் சீட்டைக் கிழித்துப் பாதியை டாக்டரிடமே திருப்பிக் கொடுத்து, "உள்ளே போங்க" என்று சொன்னவள்.

செவ்வாய் தவறாமல் இரண்டு பேரும் கிளம்புவார்கள். முதலில் எந்த பஸ் வருகிறதோ அதில் ஏறுவது, நாத்தனாரின் முழங்கால் எந்த நிறுத்தத்தில் போதும் என்கிறதோ அங்கே இறங்குவது. இறங்கிய இடத்தில் பட்டனக்கா மூக்கை ஒரு சுற்றுச் சுற்றுவாள். பழைய கோட்டுகளைக் குவித்து விற்கும் கிடங்கு, மூடப்போகும் தையல்கடை, பொம்மலாட்டக்காரரின் விதவை பெட்டியைத் திறந்து வைத்திருக்கும் குட்டி வீடு என்று எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடும். நாத்தனாருக்கு வேண்டியதெல்லாம் ஒரு டீயும் உட்கார ஒரு ஸ்டூலும்.

"உன் அண்ணன் பெண்டாட்டியெல்லாம் நகைக்கடையில நிக்கறா. நீ குப்பையில நிக்கறே," என்பாள் டீயை ஊதிக்கொண்டே.

"இதைப் பாருங்க அண்ணி முதல்ல," என்பாள் பட்டனக்கா.

பார்த்தால் நாத்தனாரும் டீயை மறந்துவிடுவாள். அப்படித்தான் இருக்கும் ஒவ்வொன்றும். ஒரு நத்தைப் பொத்தான், மிளகளவுதான். ஆனால் அதன் கூட்டில் கோடு ஐந்து சுற்று சுற்றி நடுவில் முடியும். ஒரு மர நரி, தன் வாலைத் தானே தலையணையாக வைத்துப் படுத்திருக்கும். எல்லாவற்றையும்விட அந்த ஆந்தை. நூல் நுழைகிற இரண்டு ஓட்டைகள்தான் அதற்குக் கண்கள். கறுப்பு நூலில் தைத்தால் ஆந்தை முழித்துக்கொண்டிருக்கும். வெள்ளை நூலில் தைத்தால் தூங்கிவிடும். இதைச் செய்தவன் யாரோ, எந்த ஊரோ, அவனுக்கு அன்றைக்குச் சம்பளத்தோடு ஒரு முத்தமும் கொடுத்திருக்க வேண்டும் என்பது பட்டனக்காவின் அபிப்பிராயம்.

மை போன மறுநாளே அவள் வேலையை ஆரம்பித்துவிட்டாள். ஒரு வாடிக்கைக்காரருக்கு ஒரு பிராணி. அவருடைய சட்டை எத்தனை வந்தாலும் கடைசிப் பொத்தானை எடுத்துவிட்டு அந்தப் பிராணியை வைத்துவிடுவாள். அட்டையில் தைத்த பொத்தான் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கிடைப்பதால் ஒரு ஆளுக்கு ஒரு அட்டை போதும். பல் டாக்டருக்கு முதலை. கடிகாரம் பழுது பார்ப்பவருக்கு நத்தை, ஏனென்றால் அவர் ஒரு கடிகாரத்தையும் சொன்ன தேதியில் கொடுத்ததில்லை. முப்பத்தேழாம் நம்பர் வக்கீலுக்குக் கிளி. மஃப்டியில் திரியும் போலீஸ்காரருக்கு முயல். இஸ்திரி போடுகிறவருக்கு மட்டும் இது தெரியும். அவர் கையில்தான் எல்லாச் சட்டையும் மல்லாந்து படுக்கிறதே. மூன்று வருஷமாக அவர் தினமும் மிருகக்காட்சி சாலையில் வேலை செய்கிறவர் போலச் சிரித்த முகமாக இருந்தார். முதலாளி அதைத் தன்னுடைய நல்ல நிர்வாகத்தின் பலன் என்று நினைத்துக்கொண்டார். முதலாளி காலரைத் தவிர எதையும் பார்ப்பதில்லை.

ஊரில் வேலைக்குப் போகிற ஆண்கள் முக்கால்வாசிப் பேருக்கும் வெள்ளைச் சட்டைதான். நூற்றுநாற்பது வெள்ளைச் சட்டை ஒரே நாளில் துவைத்து வந்தாலும், பட்டனக்கா கடைசிப் பொத்தானைத் தடவிப் பார்த்தே பிரித்துப் போட்டுவிடுவாள். மூன்று வருஷத்தில் ஒரு சட்டை மாறியதில்லை.

அப்புறம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா வந்தது.

தலைமையாசிரியர் மேடையேறினார். மழைமேகம் சட்டை போட்டுக்கொண்டு வந்தது மாதிரி ஒரு மனிதர். பேச்சு நாற்பது நிமிஷம் நடந்தது, எழுநூறு பிள்ளைகளும் வெயிலில் வதங்கினார்கள். கடைசியில் உடற்பயிற்சியின் பெருமையைச் செய்தே காட்டுகிறேன் என்று இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தினார். சட்டை கால்சட்டையிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே எழும்பியது. முதல் வரிசையில் இருந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று, நல்ல தெளிவான உச்சரிப்பில் சொன்னாள்:

"ஐ! சார் தொப்பையில கழுதை!"

பழுப்பு நிறக் கழுதை. ஒரு காது மடிந்திருக்கும், இரண்டு பல் தெரியச் சிரிக்கும். பின்வரிசைப் பிள்ளைகள் பார்ப்பதற்காக முன்வரிசைப் பிள்ளைகளின் தோளில் ஏறினார்கள். பாண்டு வாத்தியக்காரர்களில் ஊதுகிறவர்களுக்குச் சிரிப்பில் காற்றே வரவில்லையாம். மேளக்காரர் மட்டும் கடமை தவறாமல் தனியாக அடித்துக்கொண்டிருந்தாராம்.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் சலவைக்கடைக்குள் நுழைந்தார். கையில் பழுப்பு உறை. அதைக் கவுண்டர்மேல் வைத்து, "பிரிங்க," என்றார்.

முதலாளி பிரித்தார். "சட்டை சார். காலரைப் பாருங்க, கண்ணாடி மாதிரி..."

"காலரை விடுங்க. கீழே பாருங்க."

முப்பது வருஷத் தொழிலில் முதலாளி ஒரு சட்டையின் கீழ்ப்பக்கத்தை அன்றுதான் பார்த்தார். கழுதை அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சலவைக்கடைன்னா கழுதை இருக்கும்னு எனக்கும் தெரியும்," என்றார் தலைமையாசிரியர். "வாசல்ல கட்டுங்க, கொல்லையில கட்டுங்க. என் வயித்துல ஏன்யா கட்டினீங்க?"

இஸ்திரிக்காரர் குனிந்து, ஏற்கெனவே தேய்த்த கைக்குட்டையை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார். அவர் முதுகு மட்டும் குலுங்கியது.

"சனிக்கிழமைக்குள்ள இந்தக் கடையிலேர்ந்து வர்ற ஒரு சட்டையிலயும் எந்தப் பிராணியும் இருக்கக் கூடாது. இருந்தா ஹாஸ்டல் துணி எதிர்த்தெருக் கடைக்குப் போயிடும்." சொல்லிவிட்டு மழைமேகம் நகர்ந்தது.

ஹாஸ்டல் துணி என்றால் வாரம் ஆறு மூட்டை. கடையின் பாதி வேலை அதுதான். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"எல்லாத்தையும் பிடுங்கு. ஒண்ணு விடாம. ஹாஸ்டல் துணி கைவிட்டுப் போச்சுன்னா உனக்கும் அந்த நாற்காலிக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. புரிஞ்சுதா?"

"பிடுங்கிடறேன் முதலாளி. ஆனா அதுதான் குறியே. அதை எடுத்துட்டா எது யாரோடதுன்னு..."

"யாருக்குச் சொல்லித் தர்ற? முப்பது வருஷமா இதுல கிடக்கறேன். ஒரு தடவை முகர்ந்தா ஆளு, அட்ரஸ், முந்தாநாள் யாரோட சண்டை போட்டான், எல்லாம் சொல்லிடுவேன்."

"துவைச்ச பிறகுமாங்க?" என்று கேட்டார் இஸ்திரிக்காரர்.

"துவைச்ச பிறகுதான்யா நிஜமான வாசனையே வெளிய வரும்! மேல இருக்கறதெல்லாம் ஊர் வாசனை."

இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. பட்டனக்கா சின்னக் கத்தரியை எடுத்தாள். முதலையைப் பிடுங்கினாள், நத்தையைப் பிடுங்கினாள், தூங்குகிற ஆந்தையையும் எழுப்பாமல் பிடுங்கினாள். அவை இருந்த இடத்திலெல்லாம் முகமில்லாத வெள்ளைப் பொத்தான் வந்து உட்கார்ந்தது.

சாயங்காலம் வீட்டில் பிஸ்கட் டின்னைத் திறந்து கொட்டினாள். மேஜை முழுக்கப் பிராணிகள்.

"அழுதுடாதே," என்றாள் நாத்தனார். "எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தியேட்டர்ல அழறவங்களைப் பார்த்துப் பார்த்து மனசு மரத்துப்போச்சு."

"நான் எங்க அழறேன்?"

"போனாப் போகுது போ. ஊர்ல ஒரு சலவைக்கடையா இருக்கு? நாலு கடை இருக்கு. உன் கைக்கு எவன் வேலை தர மாட்டான்?"

"தருவாங்க அண்ணி. ஆனா நாலு கடையிலயும் குறி மைதான்."

நாத்தனார் மேஜையிலிருந்து முயலை எடுத்துப் பார்த்தாள். காதைத் தடவினாள். "அந்த மீசைக்காரப் போலீசுக்கா இது?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை டம்ளருக்குள் விட்டுக் குடித்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் முதலாளி குளித்து, சாப்பிடாமல், மூக்கைச் சிந்தி ஆயத்தமாக வந்தார். நூற்றுநாற்பது வெள்ளைச் சட்டைகள் குவிந்து கிடந்தன. கதவைச் சாத்தச் சொன்னார், வெளிக்காற்று கூடாதாம். ஒவ்வொரு சட்டையாக எடுத்து முகத்தில் அப்பி, கண்ணை மூடி, "இது பாங்க்... இது பாங்க்தான்... சந்தேகமில்லாம கேஷியர்," என்று அறிவித்தார். அறுபதாவது சட்டையில் தும்மல் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு தும்மலுக்கு ஒரு ஆள் என்று பிரித்தார். அளவைப் பார்த்துப் பிரித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இஸ்திரிக்காரரும் கேட்டார். அளவு பார்ப்பதெல்லாம் கத்துக்குட்டிகளின் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை விடிந்தது. அவசர அவசரமாகச் சட்டை மாட்டுகிற நாள். ஊரே மாட்டிக்கொண்டது.

பதினொரு மணிக்குப் பல் டாக்டர் வந்தார். கை இருக்கும் இடம் தெரியவில்லை, போலீஸ்காரருடைய சட்டை. பின்னாலேயே போலீஸ்காரர், பல் டாக்டரின் சட்டையில். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தார். ஒரு திருடனைத் துரத்தும்போது நான்கு பொத்தான் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்து, துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்துத் திருடன் தானாகவே கையைத் தூக்கிவிட்டான் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். கடிகாரக்காரர் வழக்கத்துக்கு விரோதமாகச் சீக்கிரமே வந்துவிட்டார். வக்கீல் வந்தார், கேஷியர் வந்தார். மத்தியானத்துக்குள் கவுண்டருக்கு முன்னால் இருபது பேர், ஆளுக்கு ஆள் அடுத்தவன் சட்டையில்.

கடைசியாக மழைமேகம் வந்தது. பின்னால் பள்ளிக்கூடத்துப் பியூன்.

தலைமையாசிரியரும் பியூனும் ஒரே உயரம், ஒரே அகலம். அதனால் இரண்டு பேருக்குமே சட்டை மாறியது தெரியவில்லை. சட்டையை மட்டும் பார்த்தவர்கள் மேற்பார்வைக்கு வந்த மூன்று அதிகாரிகள்தான். வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் மொடமொடப்பான உயர்ந்த துணிச் சட்டையில். இன்னொருவர் இரண்டு தடவை காலரைத் திருப்பித் தைத்த சட்டையில். அதிகாரிகள் மொடமொடப்பின் கையைப் பிடித்துக் குலுக்கி, பள்ளியை அருமையாக நடத்துகிறீர்கள் என்றார்கள். இன்னொருவரிடம் பையைக் கொடுத்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள்.

"கொண்டுபோய்க் கொடுத்தேன்யா தண்ணி!" என்று கத்தினார் தலைமையாசிரியர். "வேற வழி? மூணு டம்ளர்!"

"நல்லாவே கொண்டு வந்தீங்க சார், சிந்தாம," என்றார் பியூன் பணிவாக.

"நீ பேசாதே! என்னய்யா கடை நடத்தறீங்க? மூணு வருஷமா ஒரு சட்டை மாறலை. ஒரே வாரத்துல ஊரையே மாத்திட்டீங்களே, எப்படி?"

முதலாளி தும்மினார். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"குறி இருந்துச்சு சார், அதனால மாறலை. ஒவ்வொருத்தர் சட்டையிலயும் கடைசி பட்டன் ஒரு பிராணி. அக்காவோட ஏற்பாடு. நீங்கதான் பிடுங்கச் சொன்னீங்க."

இருபது பேரும் ஒரே நேரத்தில் தங்கள் வயிற்றைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கு என்ன?" என்று முதலில் கேட்டவர் பல் டாக்டர்.

பட்டனக்காவுக்கு இருந்த ஒரே ஒரு நாற்காலியும் இன்றோடு போய்விடும் போலிருந்தது. போகிறதுதான் போகிறது, பொய் சொல்லி வேறு போவானேன்?

"முதலை டாக்டர். வாயைத் திறந்துட்டு இருக்கும். பல்லு எல்லாம் எண்ணலாம், இருபத்தி ரெண்டு."

"அடடே!" டாக்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "சொத்தை ஏதாவது?"

"இல்லைங்க. நல்லா பார்த்துத்தான் வாங்கினேன்."

கடிகாரக்காரர் தனக்கு நத்தை என்று கேட்டதும் யோசித்து, அதை மறுப்பதற்கு நாளை வருகிறேன் என்றார். வக்கீலுக்குக் கிளி என்றதும் மற்றவர்கள் கைதட்டினார்கள். போலீஸ்காரர் கேட்கவில்லை. எல்லாரும் அவருக்காகக் கேட்டார்கள்.

"முயல்," என்றாள் பட்டனக்கா மெதுவாக.

மீசை துடித்தது. கடைசியில் அவர் குனிந்து ரகசியமாகக் கேட்டார்: "எங்க வீட்டுல ஏதாவது சொன்னாளா?"

"எனக்கு என்ன?" என்றார் முதலாளி, இத்தனை நேரம் பொறுத்தவர் பொறுக்க முடியாமல். அவர் சட்டையும் அங்கேதானே வெளுக்கிறது.

"உங்களுக்கு வைக்கலை முதலாளி. நீங்கதான் முகர்ந்தே கண்டுபிடிச்சுடுவீங்களே."

சிரிப்பு அடங்கியபோது தலைமையாசிரியர் கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றியிருந்தார்.

"எல்லாம் சரி. எனக்கு ஏன் கழுதை?"

பட்டனக்கா எழுந்து நின்றாள். "நீங்க முதல்தடவை கடைக்கு வந்தப்போ போன்ல பேசிட்டே வந்தீங்க சார். பத்து நிமிஷத்துல பன்னெண்டு தடவை கழுதைன்னு சொன்னீங்க. ஒரு தடவை கழுதைக்குட்டின்னு. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பிராணின்னு நினைச்சுட்டேன். தேடிப் பிடிச்சு வாங்கினேன் சார், மூணு செவ்வாய்க்கிழமை ஆச்சு."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குத் தைரியம் வேண்டும். தலைமையாசிரியரின் வாய் திறந்தது, மூடியது. வழக்கமாக அந்த இடத்தில் வருகிற சொல் ஒன்றுதான். அதை இப்போது சொல்ல முடியாது. வேறு சொல் தேடியதில் அரை நிமிஷம் போயிற்று.

"சிங்கம் யாருக்கு?" என்று கேட்டார் கடைசியில்.

பட்டனக்கா பியூனைப் பார்த்தாள்.

"என் பியூனுக்கா?"

"அவர் தலைமுடி அப்படி சார். சிலுப்பிட்டு நிக்கும், பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். நின்றுகொண்டுதான் இருந்தது.

"மாத்திடுங்க. சிங்கத்தை எனக்கு வைங்க. இவனுக்கு வேற ஏதாவது பார்த்துக்கலாம்."

பியூன் தொண்டையைக் கனைத்தார். பதினேழு வருஷ உத்தியோகத்தில் மறுத்துப் பேசாத மனிதர். "சார், கோவிச்சுக்காதீங்க. மூணு வருஷமா சிங்கமா இருந்திருக்கேன், அது எனக்கே தெரியாது. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. கொஞ்ச நாள் தெரிஞ்சே இருந்துக்கறேனே."

தலைமையாசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார், தன்னுடைய சட்டைக்குள்ளேயே நிற்கிற மனிதரை. பிறகு பட்டனக்காவிடம் திரும்பினார்.

"இந்த பட்டனெல்லாம் எங்கே கிடைக்குது?"

"செவ்வாய்க்கிழமை போவோம் சார். நானும் எங்க அண்ணியும்."

"நாளைக்குச் செவ்வாய்தானே? நானும் லீவு போட்டுட்டு வர்றேன். எனக்கு மரியாதையான பிராணியா ஒண்ணு கிடைக்கணும். கிடைச்சா ஹாஸ்டல் துணியைப் பத்திப் பேசலாம். இல்லைன்னா எதிர்த்தெரு."

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் தலைமையாசிரியர் குடை, கைப்பை, குறிப்பேடு சகிதம் நின்றிருந்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். எது முதலில் வருகிறதோ அதில் என்றாள் நாத்தனார். எந்த நிறுத்தம் என்றார். "அது என் முழங்காலைக் கேட்டுச் சொல்லணும்," என்றாள். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. வாழ்நாளில் கால அட்டவணை இல்லாத இடத்துக்கு அவர் போனதேயில்லை.

நல்ல வேளையாக முழங்கால் பாலத்தருகே நோகத் தொடங்கியது. அங்கே சந்துக்குள் பழைய பொத்தான்கடை ஒன்று இருந்தது. சுவர் முழுக்க நானூறு சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருப்பதில் ஒன்றைத் தைத்து வைத்திருப்பார் கடைக்காரர். மூக்குக்கண்ணாடிமேல் மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர்.

"மரியாதையான பிராணி," என்றார் தலைமையாசிரியர்.

கழுகு வந்தது. முறைக்கிறது என்று ஒதுக்கினார். யானை வந்தது. தன் உடம்பைக் குறிக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டு ஒதுக்கினார். குதிரையைக் கழுதைக்கு மிக நெருங்கிய உறவு என்று தொடவே மறுத்தார். கடைக்காரரிடம் ஒரு அட்டை நிறையச் சிங்கம் இருந்தது, பன்னிரண்டுக்கும் மாறுகண். மணி மூன்றாகிவிட்டது. நாத்தனார் நான்காவது டீயில் இருந்தாள்.

"இதெல்லாம் ஒரு வரிசையில இல்லையேய்யா," என்று எரிந்து விழுந்தார் தலைமையாசிரியர். "பறவைக்குப் பக்கத்துல பழம், பழத்துக்குப் பக்கத்துல கப்பல்! எப்படித் தேடறது?" குடையைச் சுவரில் சாத்தி, சட்டைக் கையை மடித்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு இழுப்பறையாக இழுக்க ஆரம்பித்தார். முதலில் முணுமுணுத்தார். அப்புறம் முணுமுணுப்பு நின்றது. ஒரு ஸ்ட்ராபெர்ரியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு சின்னக் கதவு வடிவப் பொத்தானின் கைப்பிடியை நகத்தால் திறக்கப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து, அடிவரிசையில் மூலை இழுப்பறைக்குள் மூக்கை விட்டவர் வெளியே எடுக்கவில்லை. தோள்கள் குலுங்கின.

"சார்? என்ன ஆச்சு சார்?" பட்டனக்கா பதறிப்போய் ஓடினாள்.

அவர் உள்ளங்கையில் ஒரு வாத்து. மஞ்சள் வாத்து. நிமிர்ந்து நடந்துபோகிறது. சிவப்புக் குடை பிடித்திருக்கிறது. நூல் போகிற நான்கு ஓட்டைகளும் குடையில் விழுகிற மழைத்துளிகள்.

"வாத்துக்கு," என்றார் தலைமையாசிரியர் மூச்சு வாங்க, "வாத்துக்கு எதுக்கும்மா குடை? பிறந்ததுலேர்ந்து தண்ணியிலதானே கிடக்குது?"

"அதுதான் சார் எனக்கும் தெரியலை."

"நனைஞ்சா என்ன ஆயிடும் அதுக்கு? சொல்லுங்க பார்ப்போம்!"

கண்ணில் தண்ணீர் வழிந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் பார்த்திராத இரண்டு பற்கள் அவர் வாயின் ஓரத்தில் இருந்தன. நாத்தனார் டீயை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுதான் இருக்கு சார்," என்றார் கடைக்காரர், இரண்டு கண்ணாடியையும் கழற்றி மாட்டி. "அட்டை எப்பவோ தீர்ந்துபோச்சு. இது தப்பி உள்ள விழுந்து கிடந்தது."

"ஒண்ணு போதும். இங்கேயே தைங்க."

பட்டனக்கா முட்டிபோட்டு, அவர் போட்டிருந்த சட்டையிலேயே தைத்தாள். வெள்ளை நூலா நீல நூலா என்று கேட்டதற்கு ஐந்து நிமிஷம் யோசித்து, மழை நீலம்தான் என்றார். முடித்ததும் சட்டையை உள்ளே திணித்துக்கொண்டு, முகத்தை மறுபடியும் மழைமேகமாக்கிக்கொண்டார்.

"இது நம்ம நாலு பேருக்குள்ள இருக்கட்டும். யாருக்கும் தெரியக் கூடாது."

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்ததும் தலைமையாசிரியர் எழுந்து நின்றார். சட்டையை வெளியே இழுத்தார். "முதல்ல இதைப் பாருங்க," என்றார். அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர்களுக்கும் காட்டினார். ஹாஸ்டல் துணியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் தன் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். பட்டனக்கா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

புதன்கிழமை காலை அவள் நாற்காலியில் உட்காராமல் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு மணி ஆயிற்று. எட்டேகாலும் ஆயிற்று. முதலாளி எதிர்த்தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டரைக்குப் பள்ளிக்கூட வண்டி வந்து கடை வாசலில் நின்றது. பியூன் தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு இறங்கி, மூட்டைகளை இறக்கினார். ஒன்று, இரண்டு, ஆறு. ஏழாவதாக ஒரு சின்ன மூட்டை. அதில் மொடமொடப்பான சட்டைகள் பதினொன்று. மேலே பள்ளி முத்திரையிட்ட காகிதம். முதலாளி அதை எடுத்து உரக்கப் படித்தார்:

"பொருள்: வாத்து. மேற்படி வாத்து ஒன்றே ஒன்றுதான் உள்ளது. சட்டைகளோ பன்னிரண்டு. தினமும் ஒரே சட்டையை அணிவதால் ஆசிரியர்கள் மத்தியில் கேள்விகள் எழக்கூடும். எனவே மீதமுள்ள பதினோரு வாத்துகளுக்கும் குடையுடன் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

முதலாளி காகிதத்தை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை முகர்ந்தார்.

"நிஜமா அவரோடதுதான்," என்றார்.

பட்டனக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.